காவலா, கண்காணிப்பா? எங்கள் கட்சி: காவலே!

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தோழியரே, அனைவருக்கும் வணக்கம்.

"தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் பெண்ணுக்குக் காவலா, கண்காணிப்பா?" என்பது தலைப்பு. காவலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். செல்போன் வந்த பிறகுதான் வீடுகளில் சந்தேகமும் சண்டையும் கூடிப்போயின என்றார். மனைவி எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று உளவு பார்க்கக் கணவனுக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது என்றார். கடைசியாகக் கத்தி உதாரணத்தை எடுத்தார். பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம், இதில் காவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். கத்தி உதாரணம் இல்லாமல் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு பட்டிமன்றம் எங்கேயாவது நடந்திருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான், நடுவர் அவர்களே.

சரி, அந்தக் கத்தியிலிருந்தே தொடங்குகிறேன். கத்திக்கு மறுமுனையில் ஆள் கிடையாது. கைபேசிக்கு உண்டு. என் வாதம் முழுவதும் அந்த மறுமுனையில் இருக்கும் ஆளைப் பற்றியதுதான். ஏனென்றால் வீட்டுக்குள் அடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு முதலில் இல்லாமல் போவது அந்த ஆள்தான்.

குடும்ப வன்முறை எப்படி ஆரம்பிக்கிறது? முதல் நாளே யாரும் கையை ஓங்குவதில்லை. "உங்க அம்மாகிட்ட எதுக்கு இவ்வளவு நேரம் பேச்சு?" என்று ஆரம்பிக்கும். அப்புறம், "அந்தச் சிநேகிதி சரியில்லை, அவளோட பழகாதே." அப்புறம், "நீ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?" அப்புறம், "போனைக் கொடு, நான் பார்க்கணும்." ஒவ்வொருவராக விலக்கி, இவளுக்காகக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் கை நீளும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நெருங்கிய உறவில் இருக்கும் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி, மிரட்டி, மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பதே குற்றம். ஒரு அடிகூட விழுந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கும். அடிக்கு முன்னால் நடக்கும் அந்த வேலையை அங்கே சட்டம் அடையாளம் கண்டுகொண்டது. எதிரணி இன்னும் அடியை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது.

எண்ணத்தான் வேண்டும் என்றால் எண்ணுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குள் துணையோடு வாழ்ந்த அனுபவம் உள்ள பெண்களில் 27 சதவீதம் பேர் அந்தத் துணையின் கையால் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். இந்தியாவில் 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் கேட்டது. வன்முறைக்கு ஆளானீர்களே, யாரிடமாவது உதவி கேட்டீர்களா? கேட்டவர்கள் 14 சதவீதம். உதவியும் கேட்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாதவர்கள் 77 சதவீதம். காவல் நிலையத்தை விடுங்கள், அம்மாவிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. எதிரணி நண்பர்கள் கண்காணிப்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார்கள். இந்த 77 பற்றி ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

இந்த மௌனத்தை முதலில் உடைத்தது எது என்று வரலாற்றைப் புரட்டினால், அங்கே ஒரு தொலைபேசிதான் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரம். 1972-ல் சில பெண்கள் சேர்ந்து, சட்ட ஆலோசனை சொல்வதற்காக ஒரு தொலைபேசி இணைப்பைத் தொடங்கினார்கள். கூப்பிட்ட பெண்கள் சட்டத்தைவிட அவசரமான ஒன்றைக் கேட்டார்கள்: இன்றைக்கு இரவு எங்கே போய்ப் படுப்பது? எங்கேயும் இடமில்லை. தொண்டர்கள் தங்கள் சொந்த வீடுகளிலேயே அவர்களைத் தங்க வைத்தார்கள். 1974-ல்தான் தனியாக ஒரு இல்லத்தைத் திறந்தார்கள். அந்த நாட்டின் முதல் பாதுகாப்பு இல்லங்களில் அதுவும் ஒன்று. போன் முதலில் வந்தது, வீடு அதற்குப் பிறகு. இப்படி ஒரு பிரச்சினை ஊருக்குள் இருக்கிறது, இவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று ஊருக்கே தெரியவந்தது அந்தக் கம்பி வழியாகத்தான்.

அடுத்து 2020-க்கு வருகிறேன். எதிரணியில் யாரும் அந்த ஆண்டைத் தொடவே இல்லை, காரணம் எனக்குப் புரிகிறது. உலகமே கதவைச் சாத்திக்கொண்ட ஆண்டு அது. அடிப்பவனும் அடிபடுபவளும் இருபத்து நாலு மணி நேரமும் ஒரே கூரைக்குள். வேலைக்குப் போகிற சாக்கில்லை, பிள்ளையைப் பள்ளியில் விடுகிற சாக்கில்லை. இத்தாலியில் கொரோனா ஊரடங்கின் தொடக்க நாட்களில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் குறைந்துபோயின. வன்முறை குறைந்ததால் வந்த குறைவில்லை அது. பக்கத்து அறையில் அவன் இருக்கும்போது வாய்விட்டு எப்படிப் பேசுவது? உடனே இத்தாலியக் காவல்துறை என்ன செய்தது தெரியுமா? பள்ளிகளில் நடக்கும் அடாவடியையும் போதைப்பொருளையும் பற்றிப் புகார் செய்ய வைத்திருந்த யூபோல் என்ற செயலியை, குடும்ப வன்முறைக்கும் திறந்துவிட்டது. சத்தமில்லாமல் ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

அதே 2020 ஏப்ரலில் போலந்தின் வார்சா நகரத்துப் பள்ளி மாணவி ஒருத்தி ஃபேஸ்புக்கில் ஒரு அழகுசாதனக் கடை திறந்தாள். பூக்களின் பெயர், க்ரீம் படங்கள், விளம்பரம், எல்லாம் அசல் கடை போலவே. தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கணவனுக்கு, மனைவி முகத்துக்கு க்ரீம் வாங்குகிறாள் என்றுதான் தெரியும். மறுமுனையில் இருப்பவரோ உளவியலாளர். தோலில் இந்தப் பிரச்சினை எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்பார். மது பட்டால் தோல் எப்படி ஆகிறது என்று கேட்பார். குழந்தைகளுக்கும் சேர்த்து க்ரீம் வேண்டுமா என்று கேட்பார். கேள்விகளைக் கவனியுங்கள்! அவன் குடிப்பானா, பிள்ளைகளையும் அடிக்கிறானா என்று வேறு எப்படிக் கேட்பது? வாடிக்கையாளர் பொருளுக்கு ஆர்டர் கொடுத்து முகவரி எழுதிவிட்டால், உடனே காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்று அர்த்தம். கடை திறந்த அந்த மாணவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிசு கிடைத்தது. நடுவர் அவர்களே, அந்தப் பெண்கள் எல்லோரும் கண்காணிப்புக்குள்தான் இருந்தார்கள். கண்காணிப்பவனின் கண் முன்னாலேயே, அவன் பார்க்கப் பார்க்க, உதவி கேட்டார்கள். இதற்கு வேறு எந்தக் கருவி இடம் கொடுத்திருக்கும்?

இதே போலக் கை ஜாடை ஒன்றும் அந்த மாதமே வந்தது. கனடியப் பெண்கள் அறக்கட்டளை பரப்பியது. வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடித்து, மற்ற நாலு விரல்களையும் அதன் மேல் மூடிவிட வேண்டும். வாயால் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே கையால் காப்பாற்று என்று சொல்லலாம். இது டிக்டாக்கில் பரவியது. 2021 நவம்பரில் கென்டக்கியில், காணாமல் போன 16 வயதுச் சிறுமி ஒருத்தி காருக்குள்ளிருந்து இந்த ஜாடையைக் காட்டினாள். பின்னால் காரில் வந்தவர் அதைப் புரிந்துகொண்டு காவல்துறையை அழைத்தார். சிறுமி மீட்கப்பட்டாள். டிக்டாக்கில் ஆட்டம் போடுவதைத் தவிர என்ன நடக்கிறது என்று கேட்ட எதிரணிச் சகோதரருக்கு இதை அன்போடு சமர்ப்பிக்கிறேன்.

பேசவே முடியாதவளுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டனில் கைபேசியிலிருந்து அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துவிட்டு, வாய் திறக்க முடியவில்லை என்றால் 55 என்று அழுத்தலாம், அழைப்பு காவல்துறைக்குப் போய்விடும். ஸ்பெயினில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 016 என்று ஒரு உதவி எண், 2007 முதல் இருக்கிறது. அதை அழைத்தால் கட்டண ரசீதில் பதிவாகாது. போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலிலிருந்து மட்டும் நீங்களே அழித்துவிடுங்கள் என்று சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை அமைத்தவர்களுக்குக் கணவன் எங்கே தேடுவான் என்று தெரிந்திருக்கிறது.

இனிப் பணம். "அவ்வளவு கொடுமை என்றால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எதை வைத்துக்கொண்டு வருவது? கையில் காசில்லாத பெண்ணுக்குப் பேருந்து நிலையம்கூடத் தூரம்தான். கென்யாவில் 2007-ல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தது. சாதாரண பட்டன் போன் போதும், வங்கிக் கணக்கு வேண்டாம். அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில், 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகவும், 1,85,000 பெண்கள் வயிற்றுப்பாட்டு விவசாயத்திலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாறியதாகவும் மதிப்பிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது உகாண்டாவில் நடந்த ஒரு சோதனை. சிறுகடன் வாங்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல ரொக்கமாகக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அவரவர் பெயரிலான கைபேசிக் கணக்கில் போட்டார்கள். கடன் ஒன்றுதான், கொடுத்த வழிதான் வேறு. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கைபேசியில் வாங்கியவர்களின் வியாபார லாபம் 15 சதவீதம் கூடுதல். ஏன்? ரொக்கம் வீட்டுக்குள் நுழைந்த உடனே எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். கணவனுக்கு ஒரு அவசரம் வரும், மைத்துனனுக்கு ஒரு தேவை வரும். கைபேசியில் இருக்கும் பணத்துக்கு ரகசிய எண் உண்டு. வீட்டில் பணத்தைப் பங்கு கேட்டு நெருக்கடி இருந்த பெண்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பெண்ணுக்குத் தன் பணம் எங்கே இருக்கிறது என்பதை மறைக்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. இது குடும்பத்துக்கு அழகா என்று எதிரணி கேட்கலாம். பிடுங்குவது அழகா என்று நான் திருப்பிக் கேட்பேன், விடுங்கள்.

தகவல் தொடர்பு என்றால் கைபேசி மட்டுமில்லை, தொலைக்காட்சியும்தான். அதிலும் சீரியல் பார்த்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற பழைய பல்லவியை இன்றைக்கும் கேட்டோம். ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பீகார், கோவா, அரியானா, தமிழ்நாடு, டெல்லி ஆகிய இடங்களில் 2001 முதல் 2003 வரை கிராமப்புறக் குடும்பங்களைத் தொடர்ந்து விசாரித்தார்கள். அந்த இடைவெளியில் சில கிராமங்களுக்குப் புதிதாகக் கேபிள் டிவி வந்தது. வந்த கிராமங்களில், மனைவியைக் கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்களின் போக்கு குறைந்தது. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு கூடியது. "கல்லானாலும் கணவன்" என்று பல தலைமுறையாகக் காதில் விழுந்துகொண்டிருந்த இடத்தில், வேறு மாதிரியும் வாழலாம் என்று ஒரு பெட்டி காட்டிவிட்டது. அந்தச் சீரியல்களின் தரம் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அடி வாங்குவது தலையெழுத்து என்று நம்பியவளுக்கு, வேலைக்குப் போகும், எதிர்த்துப் பேசும் ஒரு நகரத்துப் பெண்ணைத் திரையில் பார்ப்பதே புதுச் செய்தி.

உகாண்டாவிலேயே இன்னொரு ஆய்வும் இருக்கிறது. 2016-ல் கிராமங்களில் திரைப்படம் காட்டும்போது, இடைவேளையில் குடும்ப வன்முறை பற்றிய குறு நாடகங்களைப் போட்டார்கள். மாதங்கள் கழித்து விசாரித்தபோது, அவற்றைக் காட்டிய ஊர்களில் பெண்கள் புகார் சொல்ல முன்வருவது கூடியிருந்தது, வீடுகளில் வன்முறை குறைந்திருந்தது. இதில் வேடிக்கை, அடிப்பது சரியா தவறா என்பதில் ஊராரின் கருத்து பெரிதாக மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: வெளியே சொன்னால் ஊர் நம்மைத் தூற்றும் என்ற பயம். வன்முறையைக் குறைக்க ஆண்களின் மனம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு இதில் கிடைத்த பெரிய ஆறுதல். அவர்கள் திருந்தும் வேகம் நமக்குத் தெரியும்.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். உளவு. அதை நான் சிறிதாக்க மாட்டேன். மனைவியின் போனில் உளவுச் செயலியைப் போட்டு அவளுடைய செய்திகளைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் ஏர்டேக் என்ற சின்ன வில்லை விற்பனைக்கு வந்தது, தொலைந்த சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க. அதைப் பெண்களின் பைக்குள்ளும் காருக்குள்ளும் ஒளித்து வைத்துப் பின்தொடர்ந்தார்கள். உண்மை. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள். அதுவும் உண்மை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிரணி சொன்ன ஒவ்வொரு உதாரணத்திலும் தொழில்நுட்பம் யாரிடம் இருக்கிறது? போனை வாங்கிக் கொடுத்தது அவன். சிம் அவன் பெயரில். கணக்கைத் திறந்தது அவன், பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும், ஓடிபி அவன் எண்ணுக்கு வருகிறது. இதைப் பெண்ணுக்குத் தொழில்நுட்பம் கிடைத்ததற்கான உதாரணமாக எப்படிக் கணக்கில் சேர்ப்பது? நான் முன்பு சொன்ன அதே தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும்படியாக ஒரு கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம்தான். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள், ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33. மீதிப் பேருக்குப் போன் என்பது இரவல். இரவல் போனில் அந்தரங்கம் எங்கே இருக்கும்?

அந்த உளவை எதிர்த்து என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும், எதிரணி பாதியோடு நிறுத்திக்கொண்டது. 2019-ல் உளவுச் செயலிகளுக்கு எதிராகப் பெண்கள் அமைப்புகளும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. 2021-ல் அமெரிக்க வணிக ஆணையம் ஒரு உளவுச் செயலி நிறுவனத்தையும் அதன் தலைவரையும் அந்தத் தொழிலிலிருந்தே தடை செய்தது. 2024 மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, யாரோ வைத்த வில்லை உங்களோடு கூடவே நகர்கிறது என்று ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் எச்சரிக்கை வரும்படி செய்தன. இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை, மூன்று வருடம் தாமதம், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்துக்கே சேர்த்து எடுத்த போன் திட்டத்திலிருந்து பாதிக்கப்பட்டவர் தன் இணைப்பைப் பிரித்துக் கேட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அதற்காக அபராதம் கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வேலை செய்பவர்கள், போனைப் பிடுங்குங்கள் என்று போராடவில்லை. போனை அவள் பெயருக்கு மாற்றுங்கள் என்றுதான் போராடினார்கள்.

சவுதி அரேபியாவின் அப்ஷர் செயலியை எதிரணித் தலைவர் காட்டினார். மகளோ மனைவியோ வெளிநாடு போக ஆண் பாதுகாவலர் விரல் நுனியில் அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம் என்று இருந்தது. சரிதான். ஆனால் அந்த அதிகாரத்தை அவனுக்குக் கொடுத்தது செயலியா? செயலி வருவதற்கு முன்பே காகிதத்தில் இருந்த சட்டம் அது. சில பெண்கள் அப்பாவின் போனை எடுத்து, அதே செயலியில் தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறினார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். 2019 ஜனவரியில் 18 வயது ரஹஃப் முகமது குடும்பக் கொடுமையிலிருந்து தப்பித்து பாங்காக் விமான நிலைய விடுதி அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடவுச்சீட்டு கையில் இல்லை. திருப்பி அனுப்ப ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். அவளிடம் இருந்தது ஒரு போன், ஒரு ட்விட்டர் கணக்கு. சில நாட்களில் கனடா அவளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 21 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பாதுகாவலர் அனுமதி இல்லாமல் பயணம் செய்யலாம் என்று சவுதி சட்டத்தையே மாற்றியது. அந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள். உலகத்தின் கண் அந்த நாட்டின் மேல் பதிந்ததும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

அப்புறம் அந்த முதல் வாதம், போன் வந்ததால்தான் சண்டை என்பது. இதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, அதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். இதுவரை எதுவும் இல்லாத பெண்ணின் கையில் புதிதாக ஒன்று சேரும்போது, அது சம்பளமாக இருந்தாலும் சரி, கடனாக இருந்தாலும் சரி, போனாக இருந்தாலும் சரி, சில வீடுகளில் ஆரம்பத்தில் அடி அதிகமாகும். தன் பிடி நழுவுகிறது என்று தெரிந்தவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். அதனால் போனைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டும், எடுத்தவர் சொன்னால் வர காவல்துறை வேண்டும், போய்த் தங்க இடம் வேண்டும். ஆனால் அவன் கோபப்படுகிறான் என்பதற்காகச் சம்பளத்தை வேண்டாம் என்போமா? படிப்பை வேண்டாம் என்போமா? போனுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம்?

பெண்ணின் கையில் போன் இருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் யார் என்று பார்த்தாலே தீர்ப்பு எழுதிவிடலாம், நடுவர் அவர்களே. 2016-ல் குஜராத்தின் மெக்சானா மாவட்டத்தில் ஒரு கிராமம், திருமணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. பையன்களுக்குத் தடை இல்லை. ஆப்கானிஸ்தானில் 2021-லிருந்து பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டிருக்கிறது. அவர்களில் பலர் இணைய வகுப்புகளில்தான் படிப்பைத் தொடர்கிறார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் இணையம் ஏறத்தாழ இரண்டு நாள் துண்டிக்கப்பட்டபோது, அந்த வகுப்பறையும் சேர்ந்து மூடியது. எதிரணி சொல்வதுபோல இது கண்காணிப்பதற்கு அவ்வளவு வசதியான கருவி என்றால், கட்டுப்படுத்த நினைப்பவர்கள் வீடு வீடாக இலவசமாக அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? ஏன் பிடுங்குகிறார்கள்?

கடைசியாக ஆதாரம். அடித்தவன் காலம் காலமாகச் சொல்லிவந்த பதில், "நான் அடிக்கவே இல்லை, அவளாகக் கீழே விழுந்தாள்." நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? இன்றைக்கு அவன் நள்ளிரவில் அனுப்பும் மிரட்டல் செய்தி, தேதியோடு, நேரத்தோடு, அவன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகப் பதிந்துவிடுகிறது. சீனாவில் 2011-ல் கிம் லீ என்ற பெண், புகழ்பெற்ற ஆங்கிலப் பயிற்சியாளரான கணவர் லீ யாங் தன்னை அடித்ததில் ஏற்பட்ட காயங்களைப் படம் பிடித்து வெய்போ தளத்தில் போட்டார். காவல் நிலையத்தில் குடும்ப விவகாரமாகத் தள்ளிவிடப் பார்த்த விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது. தங்களுக்கும் இப்படி நடந்தது என்று பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். 2013-ல் பெய்ஜிங் நீதிமன்றம் குடும்ப வன்முறையைக் காரணம் காட்டி அவருக்கு விவாகரத்து கொடுத்தது, பாதுகாப்பு ஆணையும் கொடுத்தது. குடும்ப வன்முறைக்கென்று அந்த நாட்டின் முதல் தனிச் சட்டம் 2016 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. இடையில் ஐந்து ஆண்டு பலர் உழைத்திருக்கிறார்கள், ஒரு படம் மட்டும் சட்டம் கொண்டுவராது. ஆனால் அந்தப் படம் அவர் போனுக்குள்ளேயே கிடந்திருந்தால் பேச்சே தொடங்கியிருக்காது.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். எனக்குப் பின் பேச வரும் எதிரணி அம்மையாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறேன். உளவுச் செயலி ஏற்றப்பட்ட போனோடு ஒரு பெண் உங்களிடம் வருகிறாள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், அதை அவசரப்பட்டு அழிக்காதே என்பார்கள். அழித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். அவன் கை படாத வேறொரு போனிலிருந்து முதலில் உதவி கேள் என்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் அம்மா? இனிமேல் போனே வேண்டாம் என்று அவளை அனுப்பிவிடுவீர்களா, இல்லை அவள் பெயரில் ஒரு சிம்மோடு அந்த இன்னொரு போனை வாங்கிக் கொடுப்பீர்களா? வேண்டாம் என்று அனுப்புவதாக இருந்தால், நாளை இரவு அவள் யாரை, எப்படிக் கூப்பிடுவாள் என்பதையும் இந்த அவைக்குச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுப்பீர்கள் என்றால், பேசி முடித்ததும் எங்கள் அணிப் பக்கம் வந்து உட்காருங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம். வணக்கம்.